கிரேக்கப் பூந்தொகை

கிரேக்க மொழியில் ‘அந்தோலோகியா’ என்னும் சொல் பூக்கொய்தல் எனப் பொருள்படும். புலவர் பலர் பாடிய பாக்களை ஒருங்கு திரட்டிய நூலுக்கு அதுவே பெயராயிற்று. பாவலரைப் பூக்களாகக் கண்டு மாலை தொடுத்தவருள் முற்பட்டவர் மெலியாகர்.

கி.மு. 100ஐ ஒட்டி வாழ்ந்த இவர் பிறந்த ஊர் கதாரா. அஃது இக்காலத்து ஜோர்டான் நாட்டின் வடபாற்பட்டது. வளர்ந்தது தீர் என்னும் பினீசியத் துறைமுகம். முதுமையிற் சென்று தங்கியது காஸ் தீவு. தாம் சிரியா நாட்டிற் பிறந்தவராயினும், மாந்தர் அனைவர்க்கும் உலகம் ஒன்றே என்னும் கொள்கையுடையவர். தம் கல்லறைக்கெனத் தாமே பாடிய செய்யுளில் வழிப்போக்கரைச் சிரிய மொழியிலும் பினீசிய மொழியிலும் கிரேக்க மொழியிலும் வாழ்த்தினார். அத்தகையவர் தொகுத்த நூலும் ஓர் ஊரார்க்கே உரியதாய் அமையவில்லை. இத்தாலியின் தென்கரை முதல் சிரியா வரை கிரேக்கம் வழங்கிய நாடுகளின் பாக்கள் அதனுட் புகுந்தன.

‘மாலை’ எனப் பெயரிய அந்நூலின் முகப்பில், நாற்பதின்மர்க்கு மேற்பட்ட புலவர் ஒவ்வொருவர்க்கும் ஒவ்வொரு செடியையோ மலரையோ உரிமையாக்கினார். சாப்போ என்னும் பெண்பாற் புலவர்க்கு ரோசா மலர் வாய்த்தது. தம் பாக்களை வெண்ணிறச் சிறு பூக்களாகவே குறித்தார். பெயர் கூறப் பெறாத பிறருடைய புதிய தளிர்களும் அம்மாலையில் உண்டென்று சொல்லிச் சென்றார்.

இத்தொகையின் பாக்கள் பெரும்பாலும் சிறியன. கல்லறையிலும் காணிக்கைப் பொருளிலும் பொறித்தற்கு எழுந்த செய்யுள் வகையாதலின் சுருக்கம் அவற்றுக்கு இயல்பாயிற்று. தாரெந்தும் நகரத்து லியோனிதாஸ் அரண்மனையை விடுத்து எளியோரைப் பாடினார். எண்பது ஆண்டு வரை நூல் நூற்றே மாண்ட கிழவியொருத்தியை ஒரு பாட்டில் காண்கிறோம். வேறொன்றில் முதிய மீனவன் ஒருவன் தன் நாணற் குடிலில் இறக்கின்றான். அவனுக்குக் கல் நாட்டியவர் மனைவியும் அல்லர், மக்களும் அல்லர். உடன்றொழில் செய்த மீனவரே. தெகேயா ஊரினராகிய அனிதே என்னும் பெண்பாற் புலவரோ, போரில் மாண்ட குதிரைக்கும் இரங்கற்பா இயற்றினார்.

ஆசிரியர் பெயரின்றி நிற்கும் பாக்களும் பல. அவற்றை ‘உடையவர் இல்லாதன’ எனக் கிரேக்கர் வழங்கினர். புகழுடையார் பெயர் பிறர் பொருளையும் தன்பால் ஈர்க்கும் இயல்பினது. கி.மு. 480இல் தெர்மாபிலே கணவாயில் மடிந்த ஸ்பார்ட்டா வீரர்க்கு நாட்டிய கல்லிற் பொறித்த செய்யுளை எடுத்துக்காட்டலாம். ஹெரொடோட்டஸ் அதனைத் தம் வரலாற்று நூலில் எடுத்தெழுதியும் பாடியவர் பெயரைக் குறித்திலர். அவ்விடத்து மாண்ட குறிசொல்வோன் ஒருவனுக்குரிய செய்யுளையே சைமானிடீஸ் பெயரோடு சார்த்தினார். பிற்காலத்தாரோ இரண்டையும் அப்பெரும்புலவர்க்கே உரியவாக்கினர். பெயரறியாப் புலவன் ஒருவன் இவ்வாறு தன் பாட்டை இழந்திருத்தல் கூடும்.

மெலியாகரின் மாலை தனிநூலாக நமக்குக் கிடைத்திலது. கி.பி. முதல் நூற்றாண்டில் பிலிப் என்பவரும், ஆறாம் நூற்றாண்டில் அகதியாஸ் என்பவரும் தொகுத்தவற்றோடு அதனையும் சேர்த்து, கி.பி. 900 அளவில் கெஃபலாஸ் என்பவர் பெருந்தொகை ஆக்கினார். அத்தொகையைத் தழுவிப் பத்தாம் நூற்றாண்டில் எழுதப்பட்ட ஏடு ஒன்றே பின்னர் எஞ்சியது. அதுவும் நெடுங்காலம் அறிஞர் கண்ணிற் படவில்லை. பிளானுதேஸ் என்னும் துறவி, தகாதன எனத் தமக்குத் தோன்றியவற்றை நீக்கித் தொகுத்த நூலே 1494இல் பிளாரன்ஸ் நகரில் அச்சேறி யாவராலும் பயிலப்பெற்றது. துறவியின் கத்தரிக்கோலுக்கு இரையானவை எத்தனை என்பது, பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சல்மாசியஸ் என்னும் இளைஞர் ஹைடல்பர்க் நூலகத்தில் பழைய ஏட்டைக் கண்டபோதுதான் விளங்கிற்று. சாப்போவின் பெயரை எவரும் மறந்திலர். ஆனால் அவ்வேடு செல்லரித்திருப்பின் சிறுபுலவர் பலர் இருந்ததே தெரியாமற் போயிருக்கும்.

போர் காரணமாக அவ்வேடு 1623இல் உரோமைக்குச் சென்றது. ஆங்கு இரண்டாகப் பிரிக்கப்பட்டு, 1797இல் பிரெஞ்சுப் படையினரால் பாரிசுக்குக் கொண்டுசெல்லப்பட்டது. 1816இல் பெரும்பகுதி ஹைடல்பர்க்குக்கு மீண்டது. சிறுபகுதி இன்றும் பாரிசிலேயே உள்ளது.