டெல்கோவுக்குள் ஒரு வயர்

அடியோடு படுத்துவிட்ட வண்டியைச் சரிசெய்வது சுலபம். எப்போதாவது படுத்துக்கொள்வதுதான் ஆளைக் கொல்லும். சென்னை எம்.கே.பி. நகரில் என் வீட்டு வாசலில் நிற்பது 948 சிசி ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. இதை ஸ்போர்ட்ஸ் கார் என்றால் தெருவே சிரிக்கும். ஆனால் 1962-ல் இங்கிலாந்தில் வந்த டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர், ஹெரால்டின் சேஸியைக் குறுக்கி அதன் மேல் கட்டியதுதான். எஞ்சினும் அதே குடும்பம். ஆகவே நோயும் ஒன்றே.

மூலக்கடைப் பக்கம் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஊரும்போது வண்டி வெட்டி இழுக்கும், சில சமயம் அணைந்தே போகும். ஓரங்கட்டி செல்ஃப் அடித்தால் ஒன்றுமே நடக்காதது மாதிரி கிளம்பும். ஷெட்டுக்குக் கொண்டுபோனால் சமர்த்தாக ஓடிக் காட்டும்.

“சூடு சார், பெட்ரோல் பம்பு காத்து வாங்குது. பம்பு, காயில், கண்டென்சர் எல்லாத்தையும் மாத்திடலாம்” என்றார் மெக்கானிக். மூன்றையும் சேர்த்து மாற்றினால், கோளாறு போனாலும் எதனால் போனது என்று தெரியாது. புதுப்பேட்டையில் கிடைக்கிற புதுக் கண்டென்சர், பழையதைவிட நல்லது என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. மறுத்துவிட்டேன்.

முதலில் வண்டி எப்படி அணைகிறது என்று கவனியுங்கள். பெட்ரோல் குறைந்தால் எஞ்சின் தயங்கித் தயங்கி, இழுத்துக்கொண்டு சாகும். கரண்ட் போனால் சுவிட்சை அணைத்த மாதிரி பட்டென்று. என் வண்டி பட்டென்று வெட்டியது. அடுத்தது, எப்போது? ஒவ்வொரு முறையும் நோட்டில் குறித்து வைத்தேன்: எஞ்சின் சூடு, டேங்கில் பெட்ரோல், மழையா வெயிலா, கால் என்ன செய்துகொண்டிருந்தது. சூட்டின் மீதான பழி அங்கேயே விலகியது. விடிகாலைக் குளிரிலும் வெட்டியிருந்தது. எல்லா முறையும் ஆக்சிலேட்டரை விட்டு மிதித்த கணத்தில்தான். லாரிக்குப் பின்னால் ஊர்பவனுக்கு அதுதானே முழுநேர வேலை!

காயிலுக்கு வரும் கரண்ட் வயரிலிருந்து ஒரு சின்ன 12 வோல்ட் பல்பை இழுத்து டேஷ்போர்டில் தொங்கவிட்டேன். வண்டி வெட்டியபோதும் பல்பு அணையவில்லை. சாவி சுவிட்சும் அதுவரையான வயரிங்கும் குற்றவாளி இல்லை. தேட வேண்டியது காயிலிலும் அதற்கு அப்பாலும்.

ஹெரால்டில் மட்கார்டோடு சேர்ந்து முன்பக்கம் முழுவதும் தூக்கிக்கொள்ளும். டயர் மேல் உட்கார்ந்து வேலை பார்க்கலாம், அது ஒரு தனிச் சுகம். டெல்கோ என்கிற டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றி, வேக்குவம் குழாயைக் கார்ப்பரேட்டர் பக்கம் உருவி, வாயால் உறிஞ்சினேன். உள்ளே பாயிண்ட் இருக்கும் தட்டு கொஞ்சம் திரும்பியது. ஆக்சிலேட்டரை விட்டு மிதிக்கும்போதெல்லாம் அது இப்படித்தான் திரும்பும். கூடவே அதன் எர்த் வயரும் மடங்கி நிமிரும். வெளியுறை புதுசுபோல் இருந்தது. தட்டுக்கும் எஞ்சின் பாடிக்கும் மீட்டரை வைத்து மறுபடி உறிஞ்சியதும் முள் துள்ளியது. உறைக்குள் செம்பு இழைகள் அறுந்து, தொட்டும் தொடாமலும் கிடந்தன.

மாற்றும்போது கைக்குக் கிடைத்த வயரைப் போட்டுவிடாதீர்கள். விறைப்பான வயர் தட்டைத் திரும்பவிடாது, சீக்கிரம் அறுந்தும் போகும். மெல்லிய இழைகள் நிறைய உள்ள குழைவான வயராகப் பார்த்து, கொஞ்சம் தளர்வு விட்டுப் பற்றவையுங்கள். பம்பு பழையதாகவே இருக்கிறது. எத்தனால் கலந்த பெட்ரோலுக்காக அதன் ரப்பர் டயாஃப்ரத்தை மட்டும் தனியாக ஒரு நாள் மாற்ற வேண்டும்.