உதிர்ந்த செருப்பும் ஹைட்ரஜன் அணுக்களும்



அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி செல்லும் கரிசல் காட்டில் சீமைக்கருவேல முள்ளுக்கு அஞ்சாமல் நடக்கக் கனத்த அடியுள்ள செருப்பு வேண்டும். அப்படிப்பட்ட இரண்டு சோடிகளை ஒருவர் வாங்கி, விசேஷ நாட்களுக்கென்று பெட்டியில் வைத்துவிட்டார் என்று கொள்வோம். சில ஆண்டுகள் கழித்துத் திறந்தால், ஒரு சோடியின் அடி தொட்டவுடன் பொடிப்பொடியாக உதிர்கிறது. மற்றது புதிதுபோல் இருக்கிறது. இரண்டும் பாலியூரிதேன்தான். பின் ஏன் இந்த வேறுபாடு?

ஒரு பெயர், இரு வகை

பாலியூரிதேன், 1937-இல் ஜெர்மனியில் ஆட்டோ பேயர் குழுவினர் உருவாக்கிய பலபடி. டைஐசோசயனேட்டும், 'பாலியால்' என்னும் நீண்ட மூலக்கூறும் கைகோத்து உண்டாவது. கைகோக்கும் இடமே யூரிதேன் பிணைப்பு. பாலியால் பெரும்பாலும் பாலிஎஸ்டராகவோ பாலிஈதராகவோ இருக்கும். கண்ணால் பார்த்து எது எதுவென்று சொல்ல முடியாது.

காந்தத்திடம் கேட்போம்

ஹைட்ரஜனின் அணுக்கரு ஒரு சிறு காந்தம் போன்றது. அதை 9.4 டெஸ்லா காந்தப்புலத்தில் வைத்தால், ஏறத்தாழ 400 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ அலையை ஏற்கிறது. இந்தப் புலம் நம் ஊரின் புவிக் காந்தப்புலத்தைப்போல் இரண்டு லட்சம் மடங்குக்கும் மேல்! ஊஞ்சலை அதன் போக்கறிந்து தள்ளினால்தான் உயரும் அல்லவா? அதுபோலவே இதுவும். இதுவே அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு.

அணுக்கருவைச் சூழ்ந்த எலக்ட்ரான்கள் காந்தப்புலத்தைச் சிறிது மறைக்கின்றன. அருகில் ஆக்சிஜன் இருந்தால் அது எலக்ட்ரான்களைத் தன்பால் இழுக்கும், மறைப்பு குறையும், அதிர்வெண் சற்றே கூடும். பத்து லட்சத்தில் சில பங்குகளேயான இம்மாற்றத்தை 'வேதி நகர்வு' என்பர். ஆக, ஒவ்வொரு ஹைட்ரஜனும் தன் அண்டை வீட்டார் யார் என்று சொல்லிவிடுகிறது!

1951-இல் ஸ்டான்ஃபோர்டில் ஆர்னால்டு, தர்மட்டி, பக்கார்டு ஆகிய மூவரும் எத்தில் ஆல்கஹாலின் மூவகை ஹைட்ரஜன்களும் 3:2:1 விகிதத்தில் தனித்தனிக் குறிகளாகத் தெரிவதைக் காட்டினர். இவர்களுள் தர்மட்டி இந்தியர். பின்னர் பம்பாய் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் இத்துறையை வளர்த்தவர்.

செருப்பைப் படித்தல்

செருப்படியின் துணுக்கைக் கன ஹைட்ரஜன் கொண்ட கரைப்பானில் கரைப்பார்கள். சாதாரணக் கரைப்பானின் ஹைட்ரஜன்கள் எழுப்பும் பெருங்குறி மற்றவற்றை மறைத்துவிடும். துணுக்கு கரையாவிட்டால் திண்மமாகவே, புலத்துக்கு 54.7 பாகை சாய்வில் வேகமாகச் சுழற்றிக் கார்பன் அணுக்கருக்களை ஆராய்வதும் உண்டு.

வேதி நகர்வு பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்பதைக் கீழே காண்க:

- யூரிதேனில் நைட்ரஜனைப் பற்றிய ஹைட்ரஜன்: சுமார் 9.5
- பென்சீன் வளையத்தில்: 7-க்குச் சற்று மேல்
- பாலிஎஸ்டர் (அடிப்பேட்) வகையில்: சுமார் 2.3, 4.1
- பாலிஈதர் (புரோப்பிலீன் கிளைக்கால்) வகையில்: சுமார் 1.1, மேலும் 3.3 முதல் 3.6 வரை

முதல் இரண்டு குறிகளும் இரு செருப்புகளிலும் தெரியும். உதிர்ந்த செருப்பில் 2.3-உம் 4.1-உம், நல்ல செருப்பில் 1.1-உம் தெரிந்தால் வழக்கு முடிந்தது. எஸ்டர் பிணைப்பை நீர் பிளக்கும். பிளவில் உண்டாகும் அமிலம் மேலும் பிளவை விரைவுபடுத்தும். ஈதர் பிணைப்பு நீருக்கு எளிதில் அசையாது. ஆனால் வெயிலும் ஆக்சிஜனும் அதைத் தாக்கும்.

வறண்ட பூமியில் நீர் ஏது என்கிறீர்களா? ஐப்பசி, கார்த்திகைக் காற்றின் ஈரம் ஆண்டுதோறும் பெட்டிக்குள் புகுந்ததே, அது போதாதா?

சிந்தியுங்கள்: ஒரு மெத்தை ஃபோமின் நிறமாலையில் 1.1-இல் பெரிய குறி உள்ளது; 2.3, 4.1 ஆகிய இடங்களில் ஒன்றுமில்லை. ஈரமான அறை, வெயில் விழும் சன்னலோரம் – இவற்றில் எங்கே அதை வைக்கலாம்?