வீல் பேரிங் தேய்மானம்: வண்டி வைத்திருக்கும் வியாபாரிகள் அறிய வேண்டியவை



முன்பு நம் கடைகளுக்கு மாட்டுவண்டியில் சரக்கு வந்த காலத்தில், வண்டிக்காரர் பாரம் ஏற்றுமுன் கடையாணியைப் பார்ப்பார். அச்சுக்கு வண்டி மை போடுவார். அதைச் செய்யாமல் மாட்டைப் பூட்ட மாட்டார். இன்று டாடா ஏஸ் வாசலில் நிற்கிறது. உற்பத்தி 2019-ல் நின்றுவிட்ட மாருதி ஆம்னியும் இன்னும் பல கடைகளுக்குச் சரக்கு சுமக்கிறது. டீசல், பெட்ரோல் போடுகிறோம். இன்ஜின் ஆயில் மாற்றுகிறோம். டயருக்குக் காற்று அடிக்கிறோம். சக்கரத்தின் நடுவில் இருக்கும் பேரிங்கை மட்டும் யாரும் நினைப்பதில்லை.

விருதுநகரில் பருப்பும் வத்தலும் ஏற்றிக்கொண்டு திருமங்கலம், திருநகர், பசுமலை வழியாக மதுரைக்குள் வருகிற வண்டியில் ஒரு சக்கரம் கழன்றால் போவது சரக்கு மட்டுமல்ல. ஓட்டுகிறவர் உயிருக்கும் எதிரே வருகிறவர் உயிருக்கும் ஆபத்து. நல்ல வேளையாக, பேரிங் திடீரென்று கெடுவது அபூர்வம். பெரும்பாலும் முன்கூட்டியே குரல் கொடுத்துவிடும். அந்தக் குரலை அடையாளம் காண்பதும், கண்டவுடன் செய்ய வேண்டியதும் இக்கட்டுரையின் பொருள்.

மோட்டார் பராமரிப்பு மதுரைக்குப் புதியதல்ல. டி.வி.சுந்தரம் ஐயங்கார் இங்கே பஸ் தொழில் நடத்தினார். 1972-ல் பஸ்கள் அரசுடைமையாகிப் பாண்டியன் போக்குவரத்துக் கழகம் உருவாயிற்று. டி.வி.எஸ். பஸ்ஸைப் பார்த்துக் கடிகாரத்தைச் சரிசெய்யலாம் என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். கெட்டபின் பார்ப்போம் என்று இருந்தால் வண்டி அப்படி நேரத்துக்கு ஓடாது.

பேரிங் என்ன செய்கிறது?

சுற்றாத அச்சுக்கும் சுற்றுகிற சக்கரத்துக்கும் இடையில் உராய்வைக் குறைப்பது பேரிங். உள்வளையம், வெளிவளையம், நடுவில் எஃகுக் குண்டுகள் அல்லது உருளைகள், இவற்றுக்குக் கிரீஸ். வண்டியின் எடை முழுவதும் இந்தச் சில குண்டுகளின் மேல்தான் நிற்கிறது.

பொதுவாக இரண்டு வகை. ஒன்று, உருளைகள் சாய்வாக அமைந்த டேப்பர் பேரிங். இதைக் கழற்றிக் கழுவிக் கிரீஸ் வைத்து, நட்டால் சரிசெய்யலாம். இரண்டாவது, கிரீஸை உள்ளேயே வைத்து மூடி வரும் சீல் பேரிங். இதற்குப் பழுது பார்ப்பது கிடையாது, மாற்றத்தான் வேண்டும்.

கெடுவதற்குக் காரணம்

முதல் காரணம் அதிக பாரம். எடை 25 சதவீதம் கூடினால் ஆயுளும் அந்த அளவே குறையும் என்று நாம் கணக்குப் போடுவோம். பேரிங்கின் கணக்கு வேறு. சுவீடன் நாட்டு அறிஞர்கள் லுண்ட்பெரியும் பால்ம்கிரேனும் 1947-ல் வெளியிட்ட விதிப்படி, குண்டு பேரிங்கின் மேல் விழும் பாரம் 25 சதவீதம் கூடினால் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகிவிடும். பாரம் இரு மடங்கானால் ஆயுள் எட்டில் ஒரு பங்கு. உருளை பேரிங்குக்கு இழப்பு இன்னும் சற்று அதிகம்.

750 கிலோ ஏற்ற அனுமதித்த வண்டிக்கு 25 கிலோ அரிசிச் சிப்பம் 30தான் கணக்கு. ஒரு நடை மிச்சமாகட்டும் என்று 40 சிப்பம் அடுக்குகிறோம். மிச்சமான நடைக்கூலி இன்றே கைக்கு வருகிறது. பேரிங்கில் ஏறும் கடன் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. பின்பக்கமாகவோ ஒரே ஓரமாகவோ அடுக்கினால், மொத்த எடை சரியாக இருந்தாலும் அந்தச் சக்கரத்துக்குப் பாரம் கூடும்.

இரண்டாவது தண்ணீர். வைகைத் தரைப்பாலத்திலோ ரயில்வே சுரங்கப்பாதையிலோ சக்கரம் பாதி மூழ்கும் தண்ணீரில் வண்டியை விட்டால், சீல் வழியாக நீரும் மண்ணும் உள்ளே போகலாம். சூடான ஹப் சட்டென்று குளிரும்போது தண்ணீரை உள்ளே இழுக்கவும் செய்யும். மூன்றாவது, பள்ளத்தில் வேகமாக இறக்குவது. நான்காவது, முன்பு மாற்றியபோது சுத்தியலால் தாறுமாறாக அடித்துப் பொருத்தியது.

ஓட்டும்போது அறிவது

1. வேகம் கூடக் கூட ‘ம்ம்ம்’ என்ற ஒரே சீரான முனகல் கூடும். முற்றியபின் கரகரப்பாக மாறும்.

2. சாலை மாறும்போது சத்தமும் மாறினால் டயரைச் சந்தேகியுங்கள். தார்ச்சாலையிலும் சிமென்ட் சாலையிலும் ஒரே மாதிரி கேட்டால் பேரிங்கைச் சந்தேகியுங்கள்.

3. ஒரே வேகத்தில் போகும்போது கியரை மாற்றி இன்ஜின் சுற்றைக் கூட்டிக் குறைத்துப் பாருங்கள். சத்தம் இன்ஜினோடு மாறாமல் வண்டியின் வேகத்தோடு மட்டும் மாறினால் கோளாறு சக்கரப் பக்கம்.

4. வளைவைக் கவனியுங்கள். வண்டி வலது பக்கம் திரும்பும்போது பாரம் இடது சக்கரங்களில் சாயும். அப்போது சத்தம் கூடினால் பெரும்பாலும் இடது பேரிங். இடது பக்கம் திரும்பும்போது கூடினால் வலது. இதற்காகப் போக்குவரத்து உள்ள சாலையில் வண்டியை வளைத்து ஒடிக்க வேண்டாம். இயல்பாக வரும் வளைவே போதும்.

5. ஓடி நின்றபின் நான்கு சக்கர ஹப்புகளின் அருகிலும் புறங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். சுடும், தொட வேண்டாம். ஒன்றில் மட்டும் அனல் அடித்தால் பேரிங் அல்லது பிரேக் பிடிப்பு என்று பொருள்.

நிறுத்தி வைத்துச் சோதிப்பது

சமதளத்தில் வண்டியை நிறுத்தி, மற்றச் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஜாக்கியால் தூக்கி, ஸ்டாண்டு வைக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் கையையோ தலையையோ உள்ளே கொடுக்கக் கூடாது.

சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரைப் பிரேக் மிதிக்கச் சொல்லி மீண்டும் ஆட்டுங்கள். ஆட்டம் நின்றால் பேரிங். நிற்காவிட்டால் பால் ஜாயின்ட் அல்லது கிங் பின்னைப் பார்க்க வேண்டும். பக்கவாட்டில் மட்டும் ஆட்டம் இருந்தால் ஸ்டீயரிங் கம்பிகளைச் சந்தேகிக்கலாம்.

அடுத்து, ஒரு கையைச் சுருள் வில்லின் மேல் வைத்து மறு கையால் சக்கரத்தைச் சுற்றுங்கள். கெட்ட பேரிங்கின் கரகரப்பு வில்லில் தெரியும். ஆட்டம் இல்லை என்பதால் பேரிங் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டக் கூடாது. பல சீல் பேரிங்குகளில் முதலில் வருவது முனகல். ஆட்டம் கடைசியில்தான் வரும்.

மாற்றும் முறை

டேப்பர் பேரிங் என்றால், வண்டி தரையில் இருக்கும்போதே வீல் நட்டுகளைச் சற்றுத் தளர்த்த வேண்டும். பிறகு தூக்கிச் சக்கரத்தைக் கழற்றி, டிரம் அல்லது டிஸ்க் பிரேக் பகுதியை எடுக்க வேண்டும். காலிப்பரை ஹோஸில் தொங்க விடாமல் கம்பியால் கட்டி வைக்க வேண்டும். மூடி, ஸ்பிளிட் பின், நட்டு, வாஷர், வெளிப் பேரிங், ஹப் என்று வரிசையாகக் கழற்றி, அதே வரிசையில் துணியில் அடுக்கி வையுங்கள்.

மண்ணெண்ணெயில் கழுவி உலர்த்திப் பாருங்கள். உருளையிலோ கப்பிலோ குழி, செதில், நீலம் பாய்ந்த நிறம் இருந்தால் மாற்றியாக வேண்டும். உருளைப் பகுதியான கோனை மட்டும் மாற்றிப் பழைய கப்பை விட்டுவைப்பது பொய்ச் சிக்கனம். இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். கப்பைப் பித்தளைத் துண்டு வைத்துச் சுற்றிலும் சமமாகத் தட்டி, ஹப்பின் அடியில் முழுவதும் உட்காரும் வரை இறக்க வேண்டும். உருளைகளுக்கு இடையே கிரீஸ் மறுபக்கம் பிதுங்கும்வரை அழுத்தி நிரப்புங்கள். ஹப்பை வாய்வரை அடைத்தால் சூடேறும். வேறு வேறு வகைக் கிரீஸைக் கலக்கக் கூடாது. ஆயில் சீலும் ஸ்பிளிட் பின்னும் புதிதாகவே போட வேண்டும்.

கடைசி நட்டு முக்கியம். சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே இறுக்கி, பிறகு தளர்த்தி, கம்பெனிப் புத்தகம் சொல்லும் அளவுக்கு வைக்க வேண்டும். அதிகம் இறுகினால் பேரிங் வெந்துபோகும். தளர்ந்தால் சக்கரம் ஆடும்.

சீல் பேரிங்குக்கும் பின் ஆக்ஸில் பேரிங்குக்கும் பிரஸ் உள்ள பட்டறைதான் சரி. ஹப்புக்குள் இறக்கும்போது வெளிவளையத்தையும், அச்சில் ஏற்றும்போது உள்வளையத்தையும் மட்டுமே அழுத்த வேண்டும். விசை குண்டுகளின் வழியாகப் பாய்ந்தால் புதுப் பேரிங் அன்றே பழுதாகிவிடும். ஏ.பி.எஸ். பிரேக் உள்ள கார்களில் சில பேரிங்குகளின் ஒரு பக்கத்தில் காந்த வளையம் இருக்கும். அது சென்சார் பக்கம் பார்த்திருக்க வேண்டும். ஆக்ஸில் நட்டை டார்க் ஸ்பேனரால் அளவு பார்த்தே இறுக்கச் சொல்லுங்கள்.

வேலை முடிந்து 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியபின் வீல் நட்டுகளையும் ஹப்பின் சூட்டையும் மறுபடி பாருங்கள்.

வாங்கும்போது

பேரிங்கில் பொறித்த எண் நம் சரக்குக் குறியீடு போன்றது. 6205 என்றால் கடைசி 05-ஐ 5-ஆல் பெருக்க, உள்விட்டம் 25 மில்லிமீட்டர். 6206 என்றால் 30. கடைசி எண் 04-லிருந்து இந்தக் கணக்கு பொருந்தும். 2ஆர்.எஸ். என்றால் இரு பக்கமும் ரப்பர் சீல். சி3 என்றால் உள் இடைவெளி சற்று அதிகம். எண் ஒன்றாக இருந்து இந்தக் குறி மாறினாலும் பொருள் வேறு.

1946-ல் ஜெய்ப்பூரில் தொடங்கிய என்.பி.சி., சுவீடனில் 1907-ல் தொடங்கிய எஸ்.கே.எஃப்., டிம்கென் போன்ற பெயர் பெற்ற சரக்குகள் கிடைக்கின்றன. பெயர் பெற்ற சரக்குக்குப் போலியும் உண்டு என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளரிடம் பில்லோடு வாங்குங்கள். எழுத்து மங்கலாக, பெட்டியில் உள்ள எண்ணும் பேரிங்கில் உள்ள எண்ணும் மாறி, விலை மட்டும் மிகவும் மலிவாக இருந்தால் வாங்க வேண்டாம். மாற்றிய பழைய பேரிங்கைப் பட்டறையிலிருந்து கேட்டு வாங்கிப் பாருங்கள்.

கடைக்கு ஒரு நடைமுறை

வண்டிக்கு ஒரு நோட்டு போடுங்கள். மாதம் ஒரு முறை ஆட்டம், சத்தம், சூடு ஆகிய மூன்றையும் பார்த்துக் கிலோமீட்டரோடு எழுதி வையுங்கள். ஆழமான தண்ணீரில் ஓடியிருந்தால் அந்த வாரமே ஹப்பைப் பார்க்கச் சொல்லுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, “முதலாளி, பின் சக்கரத்தில் ஒரு சத்தம் வருகிறது” என்று ஓட்டுநர் சொன்னால், “இந்த லோடு இறங்கட்டும், பார்ப்போம்” என்று சொல்லாதீர்கள். தினமும் அந்தச் சக்கரத்தின் மேல் உட்கார்ந்து போகிறவர் அவர். முனகலோடு நிற்கும்போதே மாற்றினால் பேரிங் செலவோடு போகும். ஆட்டம் வரும்வரை விட்டால் ஹப், ஆக்ஸில் என்று செலவு ஏறும். அதற்குமேல் போனால் ஈடுகட்ட முடியாத நஷ்டம். சத்தம் கேட்ட அன்றே வண்டியைப் பட்டறைக்கு அனுப்புங்கள்.