எது நல்ல போன் என்று கேட்காதீர்கள்

போன் கடைக்கு வருபவர்களில் அநேகர் முதலில் கேட்பது, "நானா, இதில எது நல்ல போன்?" என்றுதான். பிடவைக் கடைக்குப் போய் "எது நல்ல துணி?" என்று கேட்பதைப் போன்றது இது. யாருக்கு, என்ன வேலைக்கு, எத்தனை வருடத்துக்கு என்ற மூன்றையும் சொன்னால்தான் கடைக்காரரால் பொருத்தமானதை எடுத்துத் தர முடியும். சொல்லாவிட்டால், தனக்கு இலாபம் கூடியதைத்தான் அவர் எடுத்துக் காட்டுவார். நானும் வியாபாரி என்பதால் இதைச் சொல்கிறேன்.

முதலில் ஒரு சிறு கணக்கு. 45,000 ரூபா போன் இரண்டு வருடம் உழைத்தால் வருடத்துக்கு 22,500 ரூபா செலவு. 90,000 ரூபா போன் ஆறு வருடம் உழைத்தால் வருடத்துக்கு 15,000 ரூபாதான். எனவே விலையை மட்டும் பார்க்காமல் அதை வருடங்களால் பிரித்துப் பாருங்கள்.

போனின் ஆயுளைத் தீர்மானிப்பது அதன் உடம்பு மட்டுமல்ல. கொம்பனி எத்தனை வருடத்துக்குப் பாதுகாப்பு அப்டேட் தருகிறது என்பதும் முக்கியம். 2024 இல் வெளியான சம்சுங் எஸ்24 போனுக்கு 7 வருடமும், அதே வருடம் வந்த நடுத்தர விலை ஏ16 போனுக்கு 6 வருடமும் அப்டேட் தருவதாக அக்கொம்பனி அறிவித்தது. இந்த வருடங்கள் போன் சந்தைக்கு வந்த காலத்திலிருந்து எண்ணப்படுபவை. நீங்கள் வாங்கிய நாளிலிருந்து அல்ல. அப்டேட் நின்ற போனில் காலப்போக்கில் வட்ஸ்அப்பும் நின்றுவிடும். ஐபோன் 5எஸ், ஐபோன் 6 ஆகியவற்றில் 2025 இல் அது நின்றது.

இனி, யாருக்கு எது?

உம்மா, வாப்பாவுக்கு: குர்ஆன் ஓதவும், தொழுகை நேரம் பார்க்கவும், வெளிநாட்டிலுள்ள பிள்ளையின் முகம் பார்த்துப் பேசவும் பெரிய, வெளிச்சமான திரையும் சத்தமான ஸ்பீக்கரும் போதும். கெமராவுக்காக மேலதிகப் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

மாணவருக்கு: பாடக் குறிப்புகளும் வீடியோக்களும் சேர்ந்துகொண்டே போகும். 128 ஜிபி சேமிப்பிடத்துக்குக் குறையாமல் பாருங்கள். வேகமான கேம் போன் கேட்டு அடம்பிடித்தால், படிப்புக்குத் தேவையானது எது என்பதைப் பெற்றோர்தான் முடிவு செய்ய வேண்டும்.

வியாபாரிக்கு: இரண்டு சிம், 5,000 எம்ஏஎச் பெட்டரி, ஒழுங்காக வரும் அப்டேட். வங்கிக் கணக்கு போனுக்குள் இருப்பதால் அப்டேட்டில் விட்டுக்கொடுக்கக் கூடாது. சில போன்களில் இரண்டாவது சிம்முக்கும் மெமரி கார்டுக்கும் ஒரே இடம்தான். ஒன்றைப் போட்டால் மற்றதைப் போட முடியாது. வாங்குமுன் சிம் தட்டைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள்.

பெட்டியில் உள்ள எண்களைக் கண்டு மயங்க வேண்டாம். "8 ஜிபி ரெம்" என்று பெரிதாகப் போட்டு, கீழே சிறிய எழுத்தில் "4+4" என்று இருக்கும். உண்மையான ரெம் 4 தான். மற்ற 4 சேமிப்பிடத்திலிருந்து கடன் வாங்கியது, அந்தளவு வேகமும் இராது. 50 மெகாபிக்சல் கெமராக்கள் பலவும் நான்கு புள்ளிகளை ஒன்றாக்கிச் சாதாரணமாக 12.5 மெகாபிக்சல் படத்தையே தருகின்றன. அதனால் எண்ணைப் பார்க்காமல், கடைக்குள்ளேயே மங்கிய வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்துப் பாருங்கள்.

பாவித்த போன் வாங்குவோர் *#06# அழுத்தி 15 இலக்க ஐ.எம்.ஈ.ஐ. எண்ணைப் பெறுங்கள். குறுஞ்செய்தியில் ஐ.எம்.ஈ.ஐ. என ஆங்கில எழுத்துக்களில் புள்ளியின்றி எழுதி, இடைவெளி விட்டு அந்த எண்ணையும் சேர்த்து 1909 க்கு அனுப்பினால், போன் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் பதிவானதா என்பது தெரியவரும். ஐபோன் என்றால் பெட்டரியின் நிலையையும் பாருங்கள். பழைய சொந்தக்காரரின் அப்பிள் கணக்கு நீக்கப்படாத போனுக்கு ஒரு சதமும் கொடுக்காதீர்கள்.

தவணை முறையில் வாங்குவோர் கையெழுத்திடுமுன் மொத்த விலையைக் கேளுங்கள். விலை முதலிலேயே முடிவாகி, பிந்தினாலும் கூடாதிருப்பது வேறு; பிந்தப் பிந்த வட்டி ஏறுவது வேறு. சந்தேகமானால் ஓர் ஆலிமிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள். கூலி வேலை செய்யும் ஒரு வாப்பா, மகனின் ஆசைக்காக வட்டிக்குள் விழுந்து, திரை உடைந்த போனுக்கும் தவணை கட்டிக்கொண்டிருப்பதை நான் கண்டிருக்கிறேன்.

போன் விற்கும் சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. நனைந்த தானியத்தை அடியில் மறைத்து விற்றவரை நபி (ஸல்) அவர்கள் கண்டித்ததை நாம் எல்லோரும் அறிவோம். பெட்டரி மாற்றிய போன், திரை மாற்றிய போன், அப்டேட் முடியப்போகும் போன் எல்லாம் அந்தத் தானியம்தான். குறையைச் சொல்லி அதற்கேற்ற விலைக்கு விற்றால் இலாபம் கொஞ்சம் குறையும். ஆனால் அந்தக் குடும்பம் அடுத்த போனுக்கும் உங்கள் கடையைத்தான் தேடி வரும்.