பல் வேரின் மேற்படை

கேள்வி: முரசு கரைந்து வேர் தெரிகிறது. ஐஸ் தண்ணி பட்டால் உயிர் போகிறது. வேரில் எனாமல் இல்லையா?
- வாசகி, கொட்டாஞ்சேனை

பதில்: இல்லை அம்மா. எனாமல் பல்லின் கழுத்தோடு முடிந்துவிடும். வேரைப் போர்த்தியிருப்பது சிமெண்டம். கழுத்துப் பக்கம் அதன் தடிப்பு 20 முதல் 50 மைக்ரோமீற்றர்தான். நுணுக்குக்காட்டியில் பார்த்தால் அங்கே கலமே இராது. பல்லைத் தாடையெலும்போடு பிணைக்கும் நார்களின் முனைகள் மட்டும் நெருக்கமாகப் புதைந்திருக்கும். வேர் நுனியில் கதை வேறு: படை தடித்து, சின்னக் குழிகளுக்குள் கலங்கள் அகப்பட்டுக் கிடக்கும். ஆயுள் முழுக்கச் சிமெண்டம் கோடு கோடாகப் படிந்துகொண்டே போவதால், அந்தக் கோடுகளை எண்ணி இறந்தவரின் வயதைக்கூட மதிப்பிடுகிறார்கள்!

உங்களுக்குக் கழுத்துப் படை தேய்ந்திருக்கும். அடியிலுள்ள டென்டின் என்ற படையின் நுண்குழாய்கள் திறந்தால், குளிர் பட்டதும் உள்ளிருக்கும் திரவம் அசைந்து நரம்பைச் சுண்டும். உமிக்கரியால் பல் துலக்குவதானால் அதை விடுங்கள், மென்மையான பிரஷ் போதும். வோட் பிளேஸ் பல் வைத்தியசாலையில் ஒருதரம் காட்டுங்கள்.