கரண்ட் போன வீட்டில் தண்ணீர்

புதுவீடு கட்டிக் குடிவந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு டெல்டாக்காரக் கிழவன் ஒருவன் சொல்வது இது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் பக்கம் கஜா புயல் கரையேறியபோது லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. பல கிராமங்களுக்குக் கரண்ட் திரும்பி வர வாரக்கணக்கில் ஆனது. ஜெனரேட்டரை வண்டியில் ஏற்றிக்கொண்டு தெருத்தெருவாக வந்து, வாடகைக்கு மேல்தொட்டி நிரப்பிக் கொடுத்தார்கள். கிணற்றில் தண்ணீர் தளும்பிய வீட்டுக்காரர்களும் அந்த வண்டிக்குக் காத்துக் கிடந்தார்கள். கிணற்றுக்கு மேல் கம்பிவலை இருந்தது, மோட்டார் இருந்தது, சகடை இல்லை.

1. எதை வாங்குவதற்கு முன்னும் கையால் இறைக்க ஒரு வழி வையுங்கள். திறந்த கிணறு என்றால் சகடை, தாம்புக்கயிறு, வாளி, அவ்வளவுதான் செலவு. கயிறு கட்டைவிரல் கனம் இருக்கட்டும். மெல்லிய நைலான் கயிறு நாலு வாளி இறைப்பதற்குள் உள்ளங்கையைக் கிழித்துவிடும். கம்பிவலையில் வாளி போகிற அளவுக்குக் கதவு வைத்துப் பூட்டுப் போடுங்கள். குழந்தைகள் உள்ள வீட்டில் வலையையே எடுத்துவிட வேண்டாம். மாதம் ஒருமுறை நீங்களே பத்து வாளி இறைத்துப் பாருங்கள். சகடை துருப்பிடித்துச் சுற்றாமல் நிற்பது அப்போதுதான் தெரியும். வாளி அறுந்து விழுந்தால் எடுக்கப் பாதாளக்கரண்டி வேண்டும். முன்பு தெருவுக்கு ஒரு வீட்டிலாவது இருக்கும், கேட்டால் கொடுப்பார்கள். இப்போது இரும்புக்கடையில் தேடித்தான் வாங்க வேண்டும்.

2. போர் போட்டவர்கள் முதலில் தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். சாதாரண அடிபம்பு உறிஞ்சித்தான் இழுக்கும். சுமார் 25 அடிக்குக் கீழே தண்ணீர் போய்விட்டால் எவ்வளவு அடித்தாலும் காற்றுதான் வரும். அதற்கும் ஆழம் என்றால், ஊர்ப் பொதுக் குழாயில் பார்த்திருப்பீர்களே, அந்த இந்தியா மார்க் 2 வகைக் கைபம்பு வேண்டும். அது 150 அடி வரை இழுக்கும். சப்மெர்சிபிள் இறங்கியிருக்கும் குழாயிலேயே கைபம்பையும் இறக்கப் பெரும்பாலும் இடம் இருக்காது. எங்கள் பக்கம்போல் தண்ணீர் மேலாக நிற்கிற ஊரில், கொல்லையில் தனியாக ஒரு சின்ன போர் போட்டு அடிபம்பு வைத்துவிடலாம்.

3. புயல் எச்சரிக்கை வந்ததுமே மேல்தொட்டியை விளிம்புவரை நிரப்புங்கள். தண்ணீரும் சேரும், தொட்டியும் பறக்காது. கஜாவில் காலித் தொட்டிகள் அடுத்த தெருவில் கிடந்தன.

4. ஜெனரேட்டர் வாங்கப் போகிறவர்கள் மோட்டாரின் தகட்டைப் படித்துவிட்டுப் போங்கள். ஒரு எச்.பி. என்பது 746 வாட். ஆனால் மோட்டார் கிளம்பும் நொடியில் அதுபோலப் பல மடங்கு இழுக்கும். அதனால் ஒரு எச்.பி. சப்மெர்சிபிளுக்கே ஏறக்குறைய 3 கே.வி.ஏ. தேவைப்படும். விசிறி ஓட்டுகிற வீட்டு இன்வெர்ட்டரை இதில் இழுக்காதீர்கள். சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இல்லாமல் பிளக்கில் சொருகி வீட்டுக்குக் கரண்ட் ஏற்றுவது கொலைக்குச் சமம். நீங்கள் ஏற்றுவது வெளிக்கம்பிக்கும் போகும். அங்கே கம்பத்தில் ஏறி நிற்கிற லைன்மேன், கம்பியில் கரண்ட் இல்லை என்று நம்பித்தான் கை வைக்கிறார்.

சோலார் பம்பு பற்றியும் கேட்கிறார்கள். நல்லதுதான், ஆனால் புயல் வாரத்தில் வெயிலை எங்கே தேடுவது?

5. பெட்ரோல், டீசல் இன்ஜினைக் கிணற்றுக்குள் இறக்கவே இறக்காதீர்கள். கிணற்றுக்குள் புகை தங்கிவிடும். அதிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. இறங்கினவரும் சாவார், தூக்கப் போனவரும் சாவார். ஜெனரேட்டரைத் தாழ்வாரத்தில், ஜன்னலோரத்தில் ஓட்டுவதும் இதே கதைதான்.

6. கரண்ட் போனதுமே மோட்டார் சுவிட்சை அணைத்துவிடுங்கள். திரும்பி வந்ததும் ஓடிப்போய்ப் போடாதீர்கள். தெருவே ஒரே நேரத்தில் மோட்டாரைப் போடும், வோல்டேஜ் இறங்கும், காயில் எரியும். கால்மணி பொறுங்கள். மேலே நிற்கிற மோட்டார் என்றால் புட்வால்வு தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் ஊற்றி நிரப்பிவிட்டுப் போடுங்கள். வெறும் காற்றில் ஓடினால் சீல் போய்விடும்.

7. வெள்ளம் கிணற்றுக்குள் இறங்கியிருந்தால் சேற்றுத் தண்ணீரை இறைத்துத் தள்ளிவிட்டு, ஊறிய பிறகு மருந்து போடுங்கள். 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர். ஆறடி அகலக் கிணற்றில் பத்தடித் தண்ணீர் நின்றால் சுமார் 8,000 லிட்டர், அதற்கு 20 கிராம். வாளியில் கரைத்துச் சுண்ணாம்பு அடியில் தங்கியபின் தெளிந்ததை மட்டும் ஊற்றி, அதே வாளியை இறக்கி ஏற்றிக் கலக்குங்கள். ஒரு மணி நேரம் கழித்து எடுக்கலாம். குடிக்க மட்டும் காய்ச்சிக்கொள்ளுங்கள்.

8. கரண்ட் இல்லாத நாட்களில் அடிபம்போ சகடையோ வேலை செய்கிற வீடு தெருவில் ஒன்றோ இரண்டோதான் இருக்கும். அது உங்கள் வீடாக இருந்தால் கொல்லைக் கதவைத் திறந்து வையுங்கள், குடத்தோடு வருகிறவர்களிடம் காசு வாங்காதீர்கள்.