250 டாலர் பிளேடா, 1,150 டாலர் பிளேடா? விலையைப் பார்க்காதீங்க, ஒரு மணி நேரச் செலவைப் பாருங்க!



போன அக்டோபர்ல ஒரு நாள் ராத்திரி பதினோரு மணிக்கு என் அத்தை பையன் வாட்ஸ்அப்ல கூப்பிட்டார். கனடாவுல, டொரொன்டோ பக்கம் ஸ்கார்பரோவுல இருக்கார். அங்க அது லஞ்ச் பிரேக் நேரம்.

"மாப்ள, நீதான் கணக்குப் பிள்ளையாச்சே. என் ப்ளோவுக்கு எட்ஜ் மாத்தணும். கடைக்காரர் நாலு விதம் சொல்றார். ஒண்ணு 250 டாலர், ஒண்ணு 1,150 டாலர். எதைடா வாங்கறது?"

மச்சான் ஒரு வேர்ஹவுஸ்ல மாதச் சம்பளத்துக்கு வேலை பார்க்கிறவர். குளிர்காலத்துல மட்டும் ஒரு சைடு வருமானம் உண்டு. தன் பிக்கப் வண்டி முன்னாடி ஸ்னோ ப்ளோ மாட்டி, விடியக்காலை நாலு மணிக்கே போய் பார்க்கிங் இடங்கள்ல பனியைத் தள்ளிட்டு, அப்புறம் டியூட்டிக்குப் போவார்.

"எனக்கும் பனிக்கும் என்ன சம்பந்தம்?"னு நீங்க நினைக்கலாம். பனி பெய்யாத ஊர்ல இருந்தாலும் இந்தக் கணக்கு உங்களுக்கும் வேணும். பைக் டயர்ல இருந்து ஆபீஸ் ஷூ வரைக்கும், தேய்ஞ்சு போற எந்தப் பொருளுக்கும் இதே கணக்குதான்.

முதல்ல, எட்ஜ்னா என்ன?

ப்ளோன்னா கலப்பை. நம்ம ஊர் கலப்பை நுனியில கொழு இருக்கும் இல்லையா? மண்ணுல உரசித் தேயறது அந்தக் கொழுதான். தேய்ஞ்சா அதை மட்டும் மாத்துவாங்க, கலப்பையை மாத்த மாட்டாங்க. ஸ்னோ ப்ளோவும் அதே மாதிரிதான். பனியைத் தள்ளுற பெரிய வளைஞ்ச தகடு மோல்ட்போர்டு. அதோட அடியில போல்ட் போட்டு மாட்டுற பட்டை கட்டிங் எட்ஜ். தரையில உரசறது அது ஒண்ணுதான்.

அதாவது எட்ஜோட வேலையே தேயறதுதான். அது தேய்ஞ்சாத்தான் விலை அதிகமான மோல்ட்போர்டு தப்பிக்கும்.

மச்சான் போன வருஷம் இங்கதான் மாட்டினார். "இன்னும் ஒரு மாசம் ஓடும்"னு பழைய ஸ்டீல் எட்ஜை இழுத்துட்டே போனார். அது முழுசா தேய்ஞ்சு, மோல்ட்போர்டோட அடிப்பகுதியே தரையில உரச ஆரம்பிச்சுடுச்சு. வெல்டிங் செலவு 900 டாலர். 250 டாலரை மிச்சம் பிடிக்கப் போய் 900 டாலர் போச்சு. இந்த தடவை போன் வந்ததுக்குக் காரணமே அதுதான்.

நாலு வகை, நாலு குணம்

1. ஸ்டீல்: ஹை கார்பன் ஸ்டீல் பட்டை. விலை குறைவு, எங்கேயும் கிடைக்கும். வண்டி டயர் ஏறி அமுங்கி, கல்லு மாதிரி இறுகின பனியையும் சுரண்டி எடுக்கும். ஆனா சத்தம் ஜாஸ்தி. இன்டர்லாக் கல், டிசைன் போட்ட கான்கிரீட் மேல போனா கீறல் விழும்.

2. ரப்பர்: தரைக்கு மிருது, சத்தம் கம்மி. சேறு மாதிரி கரைஞ்ச பனியை வைப்பர் போட்ட மாதிரி வழிச்சு எடுக்கும். இறுகின பனி மேல மட்டும் வழுக்கிட்டுப் போயிடும்.

3. பாலியூரித்தேன்: ரப்பருக்கும் ஸ்டீலுக்கும் நடுவுல. தரையைக் கீறாது, ரப்பரை விட நல்லா சுரண்டும். ஆனா ஒட்டிப்பிடிச்ச ஐஸ்ல ஸ்டீல் அளவுக்கு வேலை செய்யாது.

4. கார்பைடு: ஸ்டீல் பட்டையில டங்ஸ்டன் கார்பைடு துண்டுகள் பதிச்சது. தேய்மானத்துல ராஜா. ஆனா கடினமான பொருள் எதுக்கும் ஒரு பலவீனம் உண்டு: அடி பட்டா உடையும். நடைபாதை ஓரக்கல்லுலயோ மேன்ஹோல் மூடியிலயோ வேகமா மோதினா துண்டு தெறிக்கும். நெடுஞ்சாலையில மணிக்கணக்கா ஓடுற பெரிய ப்ளோ வண்டிகளுக்கு இது பொருந்தும்.

கணக்கு 1: ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு?

மச்சான் வாங்கின கொட்டேஷனோட, மாத்தற செலவா (புது போல்ட், அவர் நேரம்) 50 டாலர் சேர்த்தேன். ஸ்டீலோட ஆயுள் அவர் டைரியில இருந்து எடுத்தது. மத்த மூணும் கடைக்காரர் சொன்னதை விடக் குறைச்சுப் போட்டது. விற்கிறவங்க சொல்ற ஆயுளை அப்படியே நம்பாதீங்க. லாபத்தைக் குறைச்சும் செலவைக் கூட்டியும் போடுறதுதான் எங்க தொழில் புத்தி.

- ஸ்டீல்: 300 டாலர், 100 மணி நேரம். மணிக்கு 3.00
- ரப்பர்: 500 டாலர், 150 மணி நேரம். மணிக்கு 3.33
- யூரித்தேன்: 750 டாலர், 250 மணி நேரம். மணிக்கு 3.00
- கார்பைடு: 1,200 டாலர், 500 மணி நேரம். மணிக்கு 2.40

"அப்போ கார்பைடுதானே?"ன்னார் மச்சான். விலை அதிகமானதுதான் கடைசியில மலிவுன்னு நிறைய பேர் இந்த இடத்துலயே முடிவெடுத்துடுவாங்க. நான் இன்னொரு கேள்வி கேட்டேன்.

கணக்கு 2: நீங்க உண்மையிலேயே எத்தனை மணி நேரம் ஓட்டுவீங்க?

"ஒரு சீசனுக்கு எட்ஜ் தரையில உரசற நேரம் எவ்வளவு மச்சான்?"

"சுமார் 100 மணி நேரம்."

"கான்ட்ராக்ட் இன்னும் எத்தனை சீசன்?"

"ரெண்டு. அதுக்கப்புறம் வண்டியையும் ப்ளோவையும் சேர்த்து வித்துடலாம்னு இருக்கேன்."

மேட்டர் இங்கதான் மாறுது. 500 மணி நேரம் உழைக்கிற பொருளை 200 மணி நேரம்தான் பயன்படுத்தப் போறார். மீதி ஆயுளுக்கு, வண்டியை வாங்க வர்றவர் தனியா காசு தர மாட்டார். இப்போ 200 மணி நேரத்துக்கு மறுபடி வகுத்துப் பாருங்க.

- ஸ்டீல்: ரெண்டு பட்டை, 600 டாலர். மணிக்கு 3.00
- ரப்பர்: ரெண்டு பட்டை, 1,000 டாலர். மணிக்கு 5.00
- யூரித்தேன்: ஒண்ணு, 750 டாலர். மணிக்கு 3.75
- கார்பைடு: ஒண்ணு, 1,200 டாலர். மணிக்கு 6.00

முதல் லிஸ்ட்ல ஜெயிச்ச கார்பைடு இப்போ கடைசி இடத்துல நிக்குது. பொருளோட ஆயுளால வகுக்கக் கூடாது. அந்த ஆயுள்ல நீங்க பயன்படுத்தப் போற பங்கால வகுக்கணும். ஜிம்முக்கு மூணு வருஷ மெம்பர்ஷிப் கட்டிட்டு மூணு மாசம் போறவங்களுக்கு இது நல்லாவே புரியும்!

கணக்கு 3: பில்லுல வராத செலவு

மச்சானுக்கு ரெண்டு கான்ட்ராக்ட். ஒண்ணு கடைகள் இருக்கற பிளாசா, தார் போட்ட பார்க்கிங், சீசனுக்கு 60 மணி நேரம். கார்கள் ஏறி ஏறி பனி இறுகிடும். இன்னொண்ணு டவுன்ஹவுஸ் குடியிருப்பு, இன்டர்லாக் கல் பதிச்ச டிரைவ்வே, 40 மணி நேரம்.

கடந்த ரெண்டு சீசன்ல ஒரு தடவை இன்டர்லாக் கீறினதுக்கு 500 டாலர் நஷ்டஈடு கொடுத்திருக்கார். சீசனுக்குச் சராசரி 250. ஸ்டீலுக்கும் கார்பைடுக்கும் இதைச் சேர்க்கணும்.

ரப்பரும் யூரித்தேனும் பிளாசாவுல கொஞ்சம் பனியை விட்டுட்டு வரும். அதைக் கரைக்கக் கூடுதல் உப்பு, இன்னொரு ரவுண்டு டீசல். இதுக்கு ரப்பர்ல மணிக்கு 3 டாலர், யூரித்தேன்ல மணிக்கு 1.50 டாலர்னு ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு மதிப்பீடு போட்டோம். 60 மணி நேரத்துக்கு 180 டாலர், 90 டாலர்.

ஒரு சீசனுக்கு மொத்தம்:

- ஸ்டீல்: 300 + 250 = 550 டாலர்
- ரப்பர்: 500 + 180 = 680 டாலர்
- யூரித்தேன்: 375 + 90 = 465 டாலர்
- கார்பைடு: 600 + 250 = 850 டாலர்

யூரித்தேன் ஜெயிக்குது. ஆனா வித்தியாசம் வெறும் 85 டாலர். எக்செல்ல பச்சை கலர் வந்துடுச்சுன்னு உடனே ஆர்டர் போடக் கூடாது. எந்த எண் மாறினா முடிவு மாறும்னு பார்க்கணும்.

இங்க அந்த எண் நஷ்டஈடுதான். அதை எடுத்துட்டா ஸ்டீல் 300, யூரித்தேன் 465. ரெண்டுக்கும் நடுவுல 165. ரெண்டு சீசனுக்கு 330 டாலர். அதனால மச்சான் தன்னைத்தானே கேட்டுக்க வேண்டிய கேள்வி ஒண்ணே ஒண்ணு: "வர்ற ரெண்டு சீசன்ல 330 டாலருக்கு மேல நஷ்டஈடு கொடுக்க வேண்டி வருமா?" வரும்னு தோணினா யூரித்தேன். இன்டர்லாக் மேல ப்ளோவைக் கொஞ்சம் தூக்கி ஓட்டி, மீதியைக் கையால தள்ளிக்கலாம்னா ஸ்டீலே போதும். டவுன்ஹவுஸ் கான்ட்ராக்ட்டே இல்லைன்னா யோசிக்கவே வேண்டாம், ஸ்டீல்தான்.

மச்சான் கொஞ்ச நேரம் யோசிச்சார். "நாலு மணிக்கு இருட்டுல, தூக்கக் கலக்கத்துல ஓட்டறவன்டா நான். கையால தள்ளவும் நேரம் கிடையாது. கீறும்."

யூரித்தேன் வாங்கினார்.

ஆர்டர் போடறதுக்கு முன்னாடி

- போல்ட் ஓட்டைகளோட இடைவெளியை அளந்துட்டுப் போங்க. உங்க ப்ளோவோட ஓட்டைக்குப் பொருந்தாத எட்ஜ் எவ்வளவு மலிவா இருந்தாலும் வேஸ்ட்.
- ரப்பரும் யூரித்தேனும் ஸ்டீலை விடத் தடிமனா வரும். நீள போல்ட்டும், அழுத்திப் பிடிக்க ஒரு இரும்புப் பட்டையும் தேவைப்படலாம். அதையும் விலையில சேருங்க.
- சில ஸ்டீல் எட்ஜை மேல் கீழா திருப்பி மாட்டலாம். தோசையைத் திருப்பிப் போடற மாதிரி ரெண்டு பக்கமும் உழைக்கும். கடையில கேட்டு வாங்குங்க.
- அடிபட்டா எட்ஜ் மட்டும் பின்னாடி மடங்கற மாடல் ப்ளோவா இருந்தா, எடை கூடின எட்ஜ் அதுக்கு ஒத்துவருமான்னு தயாரிப்பாளர் மேனுவல்ல பாருங்க.
- சீசன் நடுவுல டேப் வெச்சு ரெண்டு முனையிலயும் அளங்க. தேய்மானம் எல்லா இடத்துலயும் சமமா இருக்காது. தேயக்கூடிய உயரம் 3 இன்ச், 50 மணி நேரத்துல ஒன்றரை இன்ச் போயிருக்குன்னா, மீதி 50 மணி நேரம்தான். அதிகமா தேய்ஞ்ச முனையை வெச்சே கணக்கு போடுங்க. மச்சானோட 900 டாலர் போனது இந்த டேப் பிடிக்காததாலதான்.

"வரியில கழிச்சுக்கலாம்ல?"

இந்தக் கேள்வியும் வந்தது. கழிச்சுக்கலாம். கனடாவுல சொந்தத் தொழில் வருமானத்தை டி2125 படிவத்துல காட்டணும். தேய்ஞ்ச பாகத்தை மாத்தறது பழுதுபார்ப்புச் செலவு. புது ப்ளோ வாங்கினா அது மூலதனச் செலவு, வருஷா வருஷம் தேய்மானமாத்தான் கழியும். பில்லைப் பத்திரமா வெச்சுக்கோங்க. மச்சானோட ரிட்டர்னை அங்க இருக்கற அக்கவுண்டன்ட்தான் போடறார், நான் இல்லை.

ஆனா ஒண்ணு. உங்க வரி விகிதம் 30 சதவீதம்னா, 100 டாலர் செலவு பண்ணினா வரியில குறையறது 30 டாலர்தான். மீதி 70 உங்க பாக்கெட்ல இருந்து போறது. "எப்படியும் வரியில கழியும்"னு சொல்லி வாங்கற எல்லாத்துக்கும், நம்ம ஊர் மார்ச் மாச அவசர இன்சூரன்ஸ் பாலிசி உட்பட, இதே கதைதான்.

உங்களுக்கு வீட்டுப்பாடம்

அடுத்து மாத்தப் போற ஒரு பொருளை எடுத்துக்கோங்க. பைக் டயர், ஷூ, லேப்டாப் பேட்டரி, எதுவா இருந்தாலும் சரி. ஒரு பேப்பர்ல நாலு வரி எழுதுங்க:

1. மாட்டற கூலியோட சேர்த்து மொத்த விலை
2. அது உழைக்கற காலத்துல நான் பயன்படுத்தப் போறது எவ்வளவு
3. பில்லுல வராத செலவு
4. எந்த ஒரு எண் மாறினா என் முடிவு மாறும்

நாலாவது வரியைத்தான் எல்லாரும் விட்டுடறாங்க. அதை எழுதற வரைக்கும் பணத்தை எடுக்காதீங்க.

இதே கணக்கை பைக் டயருக்குப் போட்டு அடுத்த வீடியோவுல காட்டறேன். உங்க நாலு வரியை கமென்ட்ல எழுதுங்க, சேர்ந்து பார்க்கலாம்.